ரைட்டர் மாரிசாமியின் ஒலிப்பீரங்கி

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மாரிசாமி ரைட்டர். வேலைக்கு வந்த ஆட்களுக்கு வருகைப் பதிவில் பேர் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் உலகத்தை அழிப்பார். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் அவர் எழுதிய விண்வெளி யுத்தங்களும் தொங்கின. மனிதர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மிஷினைப் பார்த்து, செவ்வாய்க் கிரகத்துப் படையைத் தோலுரிக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார். மருந்தடிக்கும் ஸ்பிரேயர்தான் அவருடைய விஷக்கதிர்.

ஒரே ஒரு ஆயுதம் மட்டும் யாரையும் கொல்லாது. அது ஒலிப்பீரங்கி. முழங்கினால் எதிரி திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். கதையில் அதைப் பக்கத்து ஊரான செம்மநத்தத்தில் ஒரு பாறை மேல் நிறுத்தியிருந்தார். சொந்த மலைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

கண்ணாயி கேட்டாள். காப்பிப் பழம் பறிக்க ஆள் கூப்பிட அந்த ஊருக்குப் போனவரை, தன் ஆரஞ்சுத் தோட்டத்தில் குரங்கு விரட்டத் தகரமும் குச்சியுமாக நின்றிருந்த அந்தக் கிழவி மறித்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, எங்கூர்ல பீரங்கி இருக்குதுன்னு பக்கத்து ஊட்டுப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. பாறையெல்லாம் ஏறிப் பாத்துட்டனுங்க, காணமே?"

"அது கதைங்கம்மா."

"கதைன்னா எங்கூருப் பேர எதுக்குங்க போட்டீங்க?"

பீரங்கி எதற்கென்று அவளே சொன்னாள். குரங்கைச் சுட இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள், அது அனுமார். விரட்டத்தான் வேண்டும், விரட்ட அவள் ஒருத்திதான். நகர்ந்தால் மரம் மொட்டை. வாழவந்தியில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். இன்னும் போய்க் குழந்தையின் முகம் பார்க்கவில்லை. பீரங்கி கிடைத்தால் போகலாம் என்று இருந்திருக்கிறாள். மாரிசாமி கையை நீட்டினார். கதையில் கோடிக்கணக்கில் கொன்றபோதுகூட அவர் யாருக்கும் இரங்கியதில்லை.

"தகரத்தக் குடுங்க. நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றார்.

குரங்குகளுக்குச் செவ்வாய்க்காரர்களின் ஒழுங்கு கிடையாது. தகரம் அடித்தால் இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குப் போயின. ஒன்று அவர் எதிரிலேயே உட்கார்ந்து பழத்தை உரித்தது. மாரிசாமி கத்தினார். மத்தியானத்துக்கு மேல் தொண்டையில் காற்றுதான் வந்தது. இரண்டு மரம் போயிற்று. எஸ்டேட்டுக்கு ஆளும் போகவில்லை.

சாயங்கால பஸ்ஸில் கண்ணாயி திரும்பினாள். மரங்களைப் பார்த்தாள், தகரத்தை வாங்கிக்கொண்டாள். என்ன குழந்தை என்று அவர் கையால்தான் கேட்க முடிந்தது.

"பொம்பளப் புள்ளைங்க. பொழுதுக்கும் மடியிலயே வச்சிருந்தனுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தோட்டத்த உட்டுட்டு எப்படிப் போறதுன்னு நின்னுட்டுத்தான் இருந்தனுங்க. நீங்க கத்தறது பஸ் நிக்கற எடம் வரைக்கும் கேட்டுச்சு, சாமி. அப்பறந்தான் ஏறுனேன்."