வேலாயுதம் மாமா தொட்டித் தண்ணி

வேலாயுதம் மாமா போயிட்டாரு.

காலையில இங்க வெளிநாட்டுல, ரெய்னர்ஸ் லேன்ல சபைக்கு நாற்காலி போட்டுக்கிட்டு இருக்கேன், ஊர்லருந்து தம்பி வாய்ஸ் மெசேஜ். "அக்கா, நம்ம பம்புசெட் மாமா தவறிட்டாரு…" விரிச்ச நாற்காலியிலயே உக்காந்துட்டேன்.

சொந்த மாமா இல்ல. திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர்ல பக்கத்து வயக்காரர். எப்பவும் கருப்புச் சட்டை. பேருதான் வேலாயுதம், கோயில் கொடைக்கும் வரமாட்டாரு, சர்ச் அசனச் சாப்பாட்டுக்கும் வரமாட்டாரு.

எங்க வீடு இந்து வீடு. ஸ்கூல் விட்டு வர்ற வழியில ஒரு ஓலைக் கொட்டகைச் சபை. பாட்டு கேக்கத்தான் கடைசி வரிசையில போய் உக்காருவேன். ஒருநாள் ஜெபத்துல அழுகை வந்துச்சு பாருங்க… நிக்கவே இல்ல. என்னை ரொம்ப நாளாத் தெரிஞ்ச யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அதை இன்னிக்கும் எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது.

பதினெட்டு முடிஞ்சதும் ஞானஸ்நானம் எடுக்கப்போறேன்னு அப்பாகிட்ட சொன்னேன். பல நாள் கோவமாவே திரிஞ்சாங்க. அப்புறம், "என்னமும் பண்ணு, நான் வரமாட்டேன்"னாங்க. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனா அந்த வருஷம் மழையே இல்ல. எங்க சபையில குளத்துல முங்கித்தான் ஞானஸ்நானம், அந்தக் குளமே வெடிச்சுக் கிடக்கு. "மழை வரட்டும்மா, பாப்போம்"னுட்டாரு பாஸ்டர். அதுக்குள்ள அப்பா மனசு மாறிட்டா?

மாமா கிணத்துல மட்டும்தான் தண்ணி. அதுவும் அடியில கொஞ்சம். வாழை குலை தள்ளுற நேரம் வேற. கரண்ட் வர்றப்போ பாய்ச்சினாத்தான் உண்டு.

போய் நின்னு விஷயத்தைச் சொன்னேன். வாழையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"ஏட்டி, நெசமாவே நம்புதியா?"

"ஆமா மாமா."

"அப்ப ஞாயித்துக்கெழமை வா. ஒரே கண்டிஷன். எனக்காக ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சிராத."

சரின்னு தலையாட்டிட்டேன்.

ஞாயித்துக்கிழமை போனா, மோட்டார் தொட்டியைப் பாசியெல்லாம் தேய்ச்சுக் கழுவி, விளிம்பு வரைக்கும் தண்ணி நிறைச்சு வச்சிருக்காரு. சாமியே இல்லைன்னு சொல்ற மனுஷன்!

முங்கி எழுந்திரிச்சுக் கண்ணைத் தொறந்தேன். மோட்டார் ரூம் பக்கம் நின்னாரு. தோள்ல கிடந்த துண்டு கையில இருந்துச்சு.

எல்லாரும் கிளம்பினதும் அடைப்பைப் பிடுங்கி விட்டாரு. அந்தத் தண்ணி முன்வரிசை வாழைக்குத்தான் எட்டுச்சு. கரண்ட் வந்த நேரமெல்லாம் தொட்டி நிறைக்கவே போயிட்டதால, பின்னாடி நின்னது பூரா காஞ்சு போச்சு. எப்பேர்ப்பட்ட மனசு!

நர்சிங் படிக்கப் போயி லீவுக்கு வந்தப்போ ஒரு சீப்பு பழத்தைக் கொண்டாந்து நீட்டினாரு. "இந்தா, நீ முங்குன தண்ணி குடிச்ச வாழை. இனிக்கான்னு பாரு."

இனிச்சுச்சு.

இங்க எங்க சபையில இளஞ்சூடான தண்ணியிலதான் ஞானஸ்நானம். யாராவது முங்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோட்டார் சத்தம் கேக்கும்.

காலையில நான் அழறதைப் பாத்து யாழ்ப்பாணத்து மேரி அக்கா ஓடி வந்தாங்க. "பிள்ளை, செத்தது ஆர்? சபை ஆளோ?"

"இல்லக்கா. சாமியே இல்லைம்பாரு."

"அப்ப ஜெபத்தில பேர் சொல்ல ஏலாதோ?"

மாமா, இத்தனை வருஷமாச் சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன். ஊர்ல எல்லாருக்கும் ஜெபிச்சிட்டு, உங்க பேர் வாய் வரைக்கும் வரும், முழுங்கிருவேன்.

இன்னைக்கு முடியல. சத்தமாவே சொல்லிட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. போயிட்டு வாங்க மாமா.