ரிஜெக்ட் இல்லாத கல்லூரி

தஸ்லிமுக்கு மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் பதினான்கு வருடமாக ஒரே வேலை. வண்டிக்குப் போகும் உதிரி பாகங்களில் நல்லது எது, கழிக்க வேண்டிய ரிஜெக்ட் எது என்று பார்த்துப் பிரிப்பது. மேலே இருப்பதை நம்பமாட்டாள். பெட்டியின் அடியில் கைவிட்டு எடுப்பாள். சேர்ந்தாற்போல் வரும் ஒரு லாட்டில் ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை என்று தாள் வந்தால், மொத்தத்தையும் திரும்பக் கொட்டிப் பார்க்கச் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் மகள் விஷயத்தில் பளபளப்பைப் பார்த்து ஏமாறப் பார்த்தாள்.

வஜிஹாவுக்கு இரண்டு கல்லூரிகளில் பிசிஏ இடம் கிடைத்திருந்தது. இரண்டுமே முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் பெண்கள் கல்லூரிகள். ஒன்று ஓடு வேய்ந்த கட்டடம், வருடத்துக்கு முப்பதாயிரம். மற்றது கண்ணாடி முகப்பு, ஒரு லட்சத்துப் பத்தாயிரம். 'நூற்றுக்கு நூறு பேருக்கும் வேலை' என்று வழவழப்பான கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். கண்ணாடிதான் வேண்டும் என்று வஜிஹா ஒற்றைக்காலில் நின்றாள். தஸ்லிமும் பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டாள். அது முதல் வருடத்துக்குத்தான் காணும். அடுத்த இரண்டு வருடத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் இன்று மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும்.

காலை டீ இடைவேளையில் அந்தக் கையேட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்துச் சிரிப்புகளைத் தாண்டி, கடைசிப் பக்கத்துப் பொடிப் படங்களுக்குப் போனது பழகிய விரல். மூன்றாவது வரிசையில் ஆஃப்ஷீன்! கீழே, 'முன்னணி வாகன நிறுவனத்தில் பணி.' அந்த நிறுவனம் இதுதான். ஆஃப்ஷீன் பக்கத்து மேசையில் பெட்டி அடுக்கும் டிரெய்னி.

"ஏம்மா, இது நீதானா?"

"ஆமாங்க ஆன்ட்டி. பதினோரு மாசத்துக்குத்தான் எடுத்தாங்க. அடுத்த மாசம் ஐடி கார்டை வாங்கிக்கிட்டு அனுப்பிருவாங்க."

"நீ டிகிரியா?"

"பிசிஏங்க."

பத்து மாதமாக, 'கை ஓடலையா உனக்கு' என்று தினமும் இவளைக் கடிந்திருக்கிறாள். என்ன படித்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தஸ்லிமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் ஓட்டுக் கல்லூரிக்கு அடித்தாள். போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

"அம்பத்திரண்டு பேர்ல முப்பத்தொரு பேருக்குங்க," என்றாள் அலுவலகப் பெண். "ஒம்பது பேர் மேல படிக்கிறாங்க. பன்னெண்டு பேர் வீட்டுல சும்மாதான் இருக்காங்க. நம்பர் தரேன், நீங்களே கேட்டுக்குங்க."

சும்மா இருக்கும் இரண்டு பேரிடமும் வேலை கிடைத்த இரண்டு பேரிடமும் தஸ்லிம் பேசினாள். எல்லாம் சொன்னபடியே இருந்தது. ரிஜெக்டை மறைக்காத இடம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

நாலே கால் மணிக்கு, பணம் கட்ட வந்த பிரவுசிங் சென்டர் வாசலில், அம்மாவின் முடிவைக் கேட்டு வஜிஹா வெடித்தாள். "ஓட்டுக் கொட்டாய்க்கா என்னை அனுப்புறே? என் வாழ்க்கையே போச்சும்மா!"

தஸ்லிம் கையோடு கூட்டி வந்திருந்த ஆஃப்ஷீனை முன்னால் விட்டு, அந்தப் படத்தைக் காட்டினாள். வஜிஹா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப என்ன வேலை பார்க்கறீங்க?"

"பெட்டி அடுக்குறேன் பாப்பா. எங்கம்மா போச்சம்பள்ளியில இதே மாதிரி லைன்ல நின்னுதான் என்னைப் படிக்க வெச்சாங்க. அவங்களுக்கு என்னை விட ரெண்டாயிரம் சம்பளம் ஜாஸ்தி."

வஜிஹா அழுதுகொண்டேதான் ஓட்டுக் கல்லூரிக்குப் பணம் கட்டினாள். மணி நாலு ஐம்பது. தஸ்லிமுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் வேலை போகப்போகிற ஆஃப்ஷீனின் கையை அவளால் விட முடியவில்லை.