தீட்டு இல்லாத சாவு

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். கிளம்புகிற அன்று காலை அந்த வீட்டு அம்மாள் தன் சின்ன நாயை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஜட்காவில் ஏறிக்கொண்டாள். பழுப்பு நிறம். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அவர்கள் வைத்திருந்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை. குட்டி என்று கூப்பிட்டேன். அதுவும் ஒத்துக்கொண்டது.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கணவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் கிடையாது. குட்டியிடம் பேசினேன். அரிசி களைகையில், துணி உலர்த்துகையில், எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் ஆசாரமாக வளர்ந்த என் கணவர் முதலில் அதைத் தொடவே மாட்டார். பிறகு பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடியில் அதைக் குளிப்பாட்டி, தன் துண்டாலேயே துவட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வருஷம் மார்கழிக் குளிரில் அதற்கு உடம்புக்கு வந்தது. கண்ணில் பீளை, மூக்கில் சளி. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரு நாள் கால்கள் இழுத்துக்கொண்டு, வாயில் நுரை தள்ளி விழுந்தது. கூடையில் கோணிப்பையை விரித்து அதைப் படுக்கவைத்தோம். கணவர் சைக்கிளை மிதிக்க, நான் கேரியரில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காத்திருந்ததெல்லாம் பசுக்களும் எருமைகளும்தான்.

டாக்டர் அதன் கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"நோய் மூளைக்கு ஏறிடுச்சும்மா. பிழைக்காது. ஊசி போட்டு முடிச்சிடலாங்களா?"

"தண்ணி குடிக்கிறதே டாக்டர். குடிக்கிறவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

"ராப்பகலா பார்க்கணும்."

"பார்க்கறேன்."

பார்த்தேன். மாமியார் எனக்குக் குழந்தை பிறந்தால் ஆகும் என்று கொடுத்திருந்த வெள்ளிப் பாலாடையை எடுத்தேன். அதில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி, வாய் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். சில நாட்கள் வாலை லேசாக ஆட்டும். தை பிறந்த சில நாளில், சாயங்காலம் விளக்கேற்றும் நேரம், என் மடியிலேயே அதன் மூச்சு நின்றது.

"முனிசிபாலிட்டி வண்டி வரும், போட்டுடுங்க" என்றார்கள் எதிர்வீட்டில். என் கணவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். என் பழைய நூல் புடவையில் சுற்றிப் புதைத்தோம்.

மறுநாள் காலை மாமியார் வந்தார். நாத்தனார் கல்யாணத்துக்கு என்னை அழைத்துப்போக வேண்டும். முற்றத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த பாலாடையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நாய்க்கா?"

"ஆமாம்மா. நேத்து சாயங்காலம் போயிடுத்து."

பாலாடையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, அதுக்கெல்லாம் தீட்டு கிடையாது. ஸ்நானம் பண்ணிட்டுக் கிளம்பு" என்றார்.

"தீட்டு இல்லேன்னா துக்கமும் இல்லேன்னு ஆயிடுமாம்மா? வரேன். எல்லா வேலையும் பண்றேன். ஆனா சிரிச்சிண்டு இருக்கச் சொல்லாதீங்கோ."

ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீட்டில் நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மாமி, விஷயத்தைக் கேள்விப்பட்டு, எல்லோரும் கேட்கும்படி, "ஏண்டிம்மா, நாய்க்குப் பத்து நாள் தீட்டு உண்டோ?" என்று கேட்டாள். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நான் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"இல்லையே மாமி. இருந்தா பத்து நாள் யாரும் கேக்காம அழுதிருப்பேன்."

சிரிப்பு அடங்கியது. மாமியார் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "போறும். அவ வளர்த்தா, அவளுக்குத் தெரியும்" என்று மாமியிடம் சொன்னார். பிறகு ஒரு வாழைக்காயை எடுத்து அவரும் தோல் சீவ ஆரம்பித்தார்.

பொன்மலைக்குத் திரும்பிய பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மன்னார்புரத்தில் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கொண்டுவந்துவிட்டால் மறந்துபோகும் என்றாள் எதிர்வீட்டுக்காரி. மறப்பதற்காக ஒரு ஜீவனைக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பங்குனி வரை அழுதேன். சமையலை முடித்துவிட்டு, பாத்திரம் தேய்த்துவிட்டு, கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். கண்ணில் தூசி விழுந்ததென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கணவரும் காபி டம்ளரோடு வந்து அதே படியில் உட்கார்ந்தார். "குட்டியைத் துவட்டின துண்டை இன்னும் நான் தோய்க்கலை" என்றார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். அழட்டும் என்று விட்டுவிட்டு, ஆறிப்போன காபியைச் சுடவைத்துக் கொண்டுவர உள்ளே போனேன்.