அப்பம் பாலிக் மடித்த கை

என் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது என்று பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அமெரிக்காவில் இந்த இர்விங்குக்கு வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் அடித்த மூன்று நாளும் வெளியே போய்ச் சாப்பாடு வாங்கி வந்தாரே தவிர, அடுப்பைத் தொடவில்லை. அடுப்படி வாசலோடு சரி. அங்கேயே நின்று, "என்ன வேணும், வாங்கிட்டு வர்றேன்" என்பார். சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு அவருக்கு. கை கழுவினால் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவார். துடைத்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். நானும் மகளும் அவருக்குப் பின்னால் நின்று அதே மாதிரி முகர்ந்து காட்டிச் சிரிப்போம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

போன வருஷம் எங்கள் பள்ளிவாசலில் ஒரு பஜார் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்ரஸாவில் படிக்கும் பிள்ளைகள், வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, அந்த நாட்டுச் சாப்பாட்டைச் செய்து விற்க வேண்டும். பதினான்கு வயது மகளின் வகுப்புக்கு மலேசியா வந்தது. "மை டாட் வொர்க்ட் தேர்" என்று கையைத் தூக்கிவிட்டு வந்திருந்தாள். அது உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பினாங்கில் இரண்டு வருஷம் இருந்தவர். பயோடேட்டாவில் அந்த வரியைப் பார்த்துத்தான் என் அத்தா இந்தச் சம்பந்தத்துக்கே சம்மதித்தார்.

நானும் மகளும் நாலைந்து வீடியோ பார்த்து, அப்பம் பாலிக் போடலாம் என்று முடிவு செய்தோம். நம் ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். மைதா, முட்டை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்த மாவு. சட்டியில் ஊற்றி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் சீனியும் வெண்ணெயும் மேலே போட்டு, பாதியாக மடிக்க வேண்டும். ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று இருந்தால்தான் அது அப்பம் பாலிக்.

பஜாருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் ஒத்திகை. முதலாவது சட்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, மடிக்கும்போது முதுகில் பிளந்து கடலையை எல்லாம் கொட்டியது. மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, வீ ஆர் கோயிங் டு பி த வொர்ஸ்ட் ஸ்டால்" என்றாள். கண் கலங்கியிருந்தது. வந்த கோபத்தில் கரண்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டேன்.

"சீனியை அவசரப்பட்டுப் போடுறே," என்றார் வாசலில் நின்றிருந்தவர். "மாவு ஓட்டை ஓட்டையா வரட்டும். அப்புறம் போடு."

"தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. வந்து போட்டுக் காட்டுங்களேன்."

வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அவர் மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

தீயைக் குறைத்தார். ஈரத்துணியால் சட்டியை ஒரு துடை துடைத்தார். மாவை ஊற்றி, கரண்டியின் முதுகால் விளிம்பு வரைக்கும் இழுத்து ஒரே சுற்று. ஓரத்தில் மாவு மெல்லிசாக ஏறி நின்றது. குமிழ் உடைந்து ஓட்டை விழுந்ததும் சீனி போட்டார். கடலைப் பொடியை அள்ளி உயரத்தில் இருந்து தூவினார். சட்டிக்கு வெளியே ஒரு துணுக்குகூட விழவில்லை. அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் இன்னொரு சட்டியைப் போட்டு அதிலும் ஊற்றினார். திரும்பி, முதல் சட்டியின் ஓரத்தில் கத்தியை ஓட்டி, மடித்து, கத்தியைப் படுக்கப் போட்டு மேலே இரண்டு தட்டுத் தட்டினார். இத்தனையும் செய்யும்போது அவர் சட்டியைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்து, "அடுத்ததுல ஜாகுங் போடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாட்ஸ் ஜாகுங்?" என்றாள் அவள்.

அவர் கை அப்படியே நின்றது. "சோளம்," என்றார் மெதுவாக.

வீடியோ பார்த்து வருகிற வித்தை இல்லை இது. ஆயிரக்கணக்கில் போட்டுப் பழகிய கை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அந்தக் கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"என்னங்க, பினாங்குல நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

இரண்டு அடுப்பையும் அணைத்தார். "சாயந்தரச் சந்தையில ஒரு கடை. அதுல நின்னேன். போன வேலை அங்க போனதும் இல்லைன்னு ஆயிடுச்சு. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இந்த அப்பக் கடை வச்சிருந்தார். காலைல கம்ப்யூட்டர் கிளாஸ், சாயந்தரம் கடை. ரெண்டு வருஷமும் அதான்."

"பயோடேட்டாவுல கம்பெனின்னு இருந்துச்சே?"

"கம்பெனின்னு இல்லை. எக்ஸ்பீரியன்ஸ்னுதான் போட்டிருந்தேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "எங்க அத்தா மௌத்தாகிக் கண்ணை மூடுற வரைக்கும், என் மருமகன் மலேசியா ஆபீஸ்ல இருந்தவர்னு பெருமை பேசிக்கிட்டு இருந்தாங்க. என்னை என்னன்னு நினைச்சீங்க? சொன்னா விட்டுட்டுப் போயிடுவேன்னா?"

"நீதான் முன்னாடியே வேணாம்னு சொல்லியிருந்தியே," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்தது. இவருக்கு முன்னால் எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. கோலாலம்பூரில் ரொட்டிக் கடையில் பரோட்டா போடுகிறவர். போட்டோவைக்கூடப் பார்க்காமல், 'எண்ணெய் நாறுற கையோட ஒருத்தர் எனக்கு வேணாம்' என்று தரகரிடம் வாயடித்தேன். வீடே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். அதே தரகர்தான் ஆறு மாதம் கழித்து இவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லி, அதை ஒரு வார்த்தை மாறாமல் அங்கே ஒப்பித்திருக்கிறார்.

"உன் போட்டோவைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதைத்தான் கேட்டேன்," என்றார். "அப்புறம் போட்டோவைப் பார்த்தேன். பிடிச்சிருந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன். தப்புதான்."

சொன்ன நான் மறுநாளே மறந்துவிட்டேன். கேட்டவர் மறக்கவில்லை. சோப்பு, இரண்டு தடவை, உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பது. அதைப் பின்னால் நின்று நான் பழித்துக் காட்டியது. அடுப்படிக்கு வராததும் சோம்பலால் இல்லை, பயத்தால்.

"யூ ஹேட் அ ஃபுட் ஸ்டால்? அத்தா, தட்ஸ் ஸோ கூல்," என்றாள் மகள். "ஒய் வுட் யூ ஹைட் தட்?"

அவர் பஜாரில் நிற்க மாட்டேன் என்றார். மாவு கலந்து தருகிறேன், உனக்கும் சொல்லித் தருகிறேன், ஊர்க்காரர்கள் பார்த்தால் உனக்குத்தான் சங்கடம் என்றார். அந்த வாரம் முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. கோபம் அவர் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவரிடம், "நாளைக்கு நீங்கதான் நிக்கணும்" என்றேன்.

"யாராவது கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் கடைக்கு முன்னால், வேர்க்கடலை சேர்த்தது என்று பெரிய எழுத்தில் மகள் எழுதிய அட்டை. பின்னால் இரண்டு சட்டியோடு இவர். வாரநாளில் ஆபீஸில் மீட்டிங் மேல் மீட்டிங் நடத்துகிற மனிதர், தலையைத் தூக்காமல் ஊற்றி மடித்துக்கொண்டிருந்தார். வரிசை பார்க்கிங் வரைக்கும் போனது. அதில் எங்கள் ஊர் ஆன்ட்டி ஒருவர் வந்தார். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. என் அத்தாவையும் தெரியும், அந்தத் தரகரையும் தெரியும்.

"சுடுதண்ணி வைக்கத் தெரியாதும்பியே?" என்று என்னிடம் கேட்டார். "மாப்ள இதை எங்க கத்துக்கிட்டாரு?"

சட்டி மேல் இவர் கை நின்றுவிட்டது.

"பினாங்குல, ஆன்ட்டி. சந்தைக் கடையில ரெண்டு வருஷம் நின்னாங்க. அங்க அவங்க பார்த்த வேலையே இதுதான்."

"அப்படியா?" என்றார் ஆன்ட்டி. "அப்ப எனக்கு ரெண்டு. சோளம் போட்டுத் தரச் சொல்லு."

அவ்வளவுதான். இதற்காகவா பதினெட்டு வருஷம்? சட்டியில் இருந்தது கருகிப்போயிருந்தது. அன்றைக்குக் கருகியது அது ஒன்றுதான்.

கடையைக் கட்டியதும் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டு போகும்போது, கையைப் பிடித்து இழுத்து நான் முகர்ந்தேன். கழுவின பிறகும் வெண்ணெயும் வறுத்த கடலையும் லேசாக வந்தது.

"நாறுதா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.