வலம் மட்டும் வந்த சீட்டு

கார் கடையை விட்டுப் போய் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

இது எனக்குப் புதிதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிற ரகம் நான். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் குஷன் கடை வைத்திருந்தேன். பஸ் சீட், வேன் சீட், டாக்சிக்கு ரெக்சின் உறை, டிராக்டர் சீட் என்று நான் தைத்து மாட்டாத சீட் கிடையாது. வேலை முடிந்து வண்டி கிளம்பியதும், எந்த நட்டை முடுக்காமல் விட்டேனோ என்று தவிப்பேன். அப்புறம் அடுத்த வண்டி வந்து அதை மறக்கடித்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்தே ரேசிங் சீட் மாட்டுகிறார்கள். நன்றாகவே மாட்டுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1. மஞ்சள் கார்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். வேங்கிக்கால் புது வீடுகள் பக்கமிருந்து ஜெயகுமார் என்றொரு பிள்ளை வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவர். அவர் ஓட்டி வந்தது ஜப்பான்காரன் செய்த ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். சென்னையில் செகண்ட் ஹேண்டில் பிடித்ததாம். மஞ்சள் கலர். தரையோடு தரையாக இருக்கும். எங்கள் தெருவில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்தார்கள்.

பின்னால் ஒரு டெம்போவில் டிரைவருக்கான ரேசிங் சீட் ஒன்று வந்து இறங்கியது. ஃபைபர் ஓடு, மேலே கறுப்புத் துணி. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் மேடு, ஆளை இடுப்போடு கவ்விப் பிடிக்கும். தோளுக்கு மேலே பெல்ட் விடுவதற்கு இரண்டு ஓட்டை. சாய்க்கிற லீவர் எதுவும் கிடையாது.

"இதுல தூங்க முடியாதே தம்பி?" என்றேன்.

"தூங்கறதுக்கு இல்லண்ணா. ஜவ்வாது மலை ரோட்ல ஓட்டிப் பழகணும். அப்புறமா சென்னையில ட்ராக்ல ஓட்டப்போறேன். கம்பெனி சீட்ல உக்காந்தா வளைவுல ஒடம்பு நழுவுது."

பார்த்த உடனேயே பயம் பிடித்துவிட்டது. பஸ் சீட்டில் ஆள் விழுந்தால் பக்கத்து ஆள் மேல் விழுவான். இந்த வண்டியில் சீட்தான் ஓட்டுகிறவனின் பாதி உயிர். ஆனால் வந்த வேலையை விட மனசில்லை, புது வேலை என்கிற ஆசையும் இருந்தது. செய்து தருகிறேன் என்றேன்.

2. ஒத்துவராத ஒரு ஓட்டை

பழைய சீட்டைக் கழற்றினால் தரையில் நாலு போல்ட் ஓட்டை இருக்கும். புது சீட்டின் அகலம் வேறு. கதவுப் பக்கத்து இரண்டு ஓட்டை பொருந்தியது. உள்பக்கம், அதாவது டிரைவருக்கு இடது கைப் பக்கம், முன் ஓட்டை பொருந்தியது, பின் ஓட்டை மட்டும் தள்ளிப்போனது. பக்கத்து வெல்டிங் பட்டறை பாஷா பாயைக் கூப்பிட்டேன். கனத்த பட்டையில் எல் பிராக்கெட் செய்து கொடுத்தார். பாய் வைத்த வெல்டிங் அவர் ஆயுசுக்கும் விடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தள்ளிப்போன இடத்தில் தரையில் புதுசாக ஓட்டை போட்டு, அடியில் ஒரு பிளேட் கொடுத்து முடுக்கினோம். தரைத் தகட்டின் மேல், சத்தத்தை அடக்குகிற தார் ஷீட் கெட்டியாக ஒட்டியிருந்தது. சுத்தியால் தட்டிப் பார்த்தேன். தார் ஷீட் மேல் தட்டினால், அடியில் தகடு கெட்டியோ மெலிசோ, எல்லா இடமும் 'தொப்' என்றுதான் கேட்கும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சீட்டைப் பிடித்து ஆட்டினேன். பாய் ஏறி உட்கார்ந்து குதித்தார். மலை மாதிரி நின்றது.

3. டெஸ்ட்

எங்கள் ஊரில் வண்டி வேலை முடிந்தால் டெஸ்ட் ஓட்ட வேறு ரோடு தேட மாட்டோம். மலையைச் சுற்றி வருவோம். பதினாலு கிலோமீட்டர், நல்ல ரோடு, போகிற போக்கில் எட்டு லிங்கத்துக்கும் ஒரு கும்பிடு. பௌர்ணமி அன்றைக்கு மட்டும் முடியாது.

ஜெயகுமார் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். அவர் சமணக் குடும்பம், கிரிவலப் பழக்கம் இல்லாதவர். கிளம்பும்போது வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்த்தார்.

"தம்பி, தம்பி, அந்தப் பக்கம் வேணாம். மலை நம்ம வலது கைப் பக்கம் இருக்கணும்."

"டெஸ்ட்டுக்குக்கூடவா?"

"முதல் ஓட்டம். எதுக்கு எதிர்ச்சுத்துல போவணும்?"

சிரித்துக்கொண்டே திருப்பினார். வேகமாகத்தான் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் என் குடல் இடது பக்கக் கதவோடு போய் ஒட்டியது. நடுவில் லேசாக இடது பக்கம் வளைகிற இடம் ஒன்றிரண்டு உண்டு. அங்கே மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் பின்னால் ஊர்ந்துதான் போனோம். சீட்டில் ஒரு சத்தம் இல்லை, ஒரு அசைவு இல்லை. "சூப்பர்ண்ணா" என்று கை கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார். மறுநாள் காலையில் பெண்டாட்டியோடு கடை வாசலில் நிறுத்தி, பெல்ட்டை மட்டும் ஒருமுறை சரி பார்த்துக்கொண்டு கிளம்பினார். போளூரில் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மலை ஏறப்போவதாகச் சொன்னார்.

அப்போது பிடித்த சந்தேகம் உச்சிவெயில் வரைக்கும் விடவில்லை.

4. பஞ்சர் கடைப் பேச்சு

என் கடைக்கு அடுத்த கடை ஏழுமலையின் பஞ்சர் கடை. அங்கே ஓர் ஆட்டோக்காரர் டயரைக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பின்னாடி ரெண்டு டயரையும் ஒண்ணாத்தான் போட்டேன், லெப்ட் மட்டும் மொட்டையாயிடுச்சு, நீ பழைய டயரைக் கொடுத்து ஏமாத்திட்டே என்று.

ஏழுமலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யோவ், நீ மலை சுத்துற சவாரிதானே ஓட்டுறே? தெனமும் வலது பக்கமாவே திரும்புனா எடை பூராவும் லெப்ட்லதான் குந்தும். நம்ம ஊரு ஆட்டோவுக்கு லெப்ட் டயர்தான் மொதல்ல போவும். சாமியப் போய்க் கேளு."

நான் கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வலது பக்கமாகவே திரும்பினால் எடை எல்லாம் இடது பக்கம் அழுந்தும். சீட்டும் இடது பக்கம்தான் அழுந்தும். இடது பக்கத்துப் பின் போல்ட், நாங்கள் புதுசாக ஓட்டை போட்ட அந்த ஒரே போல்ட், நேற்று முழுக்கத் தரையோடு அமுங்கித்தான் இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அதை யாரும் மேலே இழுக்கவில்லை. இடது பக்கம் வேகமாகத் திரும்பினால்தான் அது இழுபடும். மலை ரோட்டில் பாதி வளைவு இடது பக்கம்.

நாங்கள் டெஸ்ட் பண்ணவே இல்லை. கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

5. போன்

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். வேங்கிக்கால் வீட்டுக்குப் போட்டு, ஜெயகுமாரின் அம்மாவிடம் போளூர் நம்பர் வாங்கினேன். போட்டால் எங்கேஜ்டு. மறுபடி போட்டேன், எங்கேஜ்டு. வெளியில் நின்ற ஆள் "எவ்ளோ நேரம்யா?" என்று கண்ணாடியைத் தட்டினார். என் விரல் நம்பரைத் தப்பாக அழுத்தியது. ஒருவழியாக மணி அடித்தது. எடுத்தவர் மாமனார், போளூரில் ரைஸ்மில் வைத்திருந்த தரணேந்திர நயினார். அன்றுவரை நான் அவரைப் பார்த்ததில்லை.

"ஐயா, திருவண்ணாமலைலருந்து பேசறேன். ஜெயகுமார் சார் இருக்காருங்களா?"

"மாப்ள இப்பதான் கெளம்பினாரு. என்னா விஷயம்?"

"ஐயா, அவரை நிறுத்துங்க. சீட்டு விஷயம்."

"சீட்டா? எந்தச் சீட்டு?"

"நம்ம கடையில போட்ட சீட்டுங்க. தாங்காதுன்னு தோணுது. எந்த நேரமும் புட்டுக்கும்."

"அய்யய்யோ. மொத்தமாவா?"

"மொத்தமாத்தாங்க போவும்."

"எம்பொண்ணுக்கு இது தெரியுமா?"

"அவங்களும் கூடத்தான் இருக்காங்களா?" என்று கேட்பதற்குள் ரிசீவர் எங்கேயோ விழுகிற சத்தம். "டேய், ஸ்கூட்டர் சாவிய எட்றா" என்று தூரத்தில் ஒரு கத்தல். அப்புறம் ஒன்றும் இல்லை.

பாஷா பாயின் பைக்கில் ஏறிக்கொண்டேன். "என் வெல்டிங் விடாதுண்ணே" என்றார் அவர். "வெல்டிங் விடாது பாய், தரை விட்டா?" என்றேன். அவர் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ் டிரைவரின் முகத்தையும் பார்த்தேன், ஏதாவது விபத்தைக் கடந்து வந்த முகமா என்று. வழியில் இருந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

6. ரைஸ்மில் களம்

ரைஸ்மில் வாசலில் மஞ்சள் கார் நின்றது. அதைப் பார்த்ததும் பைக் நிற்பதற்குள் குதித்து இறங்கினேன்.

உள்ளே ஒரே கூச்சல். பெட்ரோல் பங்கில் நின்றிருந்த காரை மாமனார் ஸ்கூட்டரில் விரட்டிப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார். ஜெயகுமார் என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

"அண்ணா, நீங்களா போன் பண்ணீங்க? எவ்ளோ சீட்டு கட்டுனீங்கன்னு இவரு என்னை உலுக்கறாரு. இவ அழுவறா. எனக்கு ஒண்ணுமே புரியல."

நயினார் என் சட்டையைப் பிடிக்காத குறை. "சீட்டுக் கம்பெனி யாருதுய்யா? ஓடிட்டானா? எம் மாப்ள எவ்ளோ போட்டிருக்காரு?"

"ஐயா, அந்தச் சீட்டு இல்லீங்க. இவரு உக்கார்ற சீட்டு. கார் சீட்டு."

அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நயினார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இதுக்காய்யா என் உசுர எடுத்தே? பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினேன்."

நான் வலது பக்கம், இடது பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே உளறல் மாதிரி இருந்தது. ஜெயகுமார் சாவியைச் சுழற்றினார். "நேத்து நல்லாத்தானே இருந்துது? வந்து பாக்கலாம்ணா. வெயில் இறங்கறதுக்குள்ள மேல போவணும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமில்லாமல் கும்பிட்டேன். நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் அன்று காலியாகக் கிடந்தது. "இதுல இடது பக்கமாவே நாலு சுத்து சுத்துங்க தம்பி. ஒண்ணும் ஆவலைன்னா நான் இப்பிடியே நடந்தே ஊருக்குப் போறேன்."

சுற்றினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. பாஷா பாய் தலையைக் குனிந்துகொண்டார். நயினார் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. அவசரப்பட்டுட்டோமோ, ஊரெல்லாம் சிரிக்கப் போகிறதோ என்று மனசு மாறியது. அடுத்த சுற்றை ஜெயகுமார் கொஞ்சம் வேகமாக, நெருக்கி வளைத்தார்.

'கடக்' என்று ஒரு சத்தம். சீட்டு அவரோடு சேர்ந்து கதவுப் பக்கம் சாய்ந்தது. அவர் கால் பெடலை விட்டு எழும்பிவிட்டது. கார் தானாகப் போய் உமி மூட்டை அடுக்கில் முட்டி நின்றது.

தார் ஷீட்டைக் கிழித்துப் பார்த்தோம். வண்டி எப்போதோ அடிபட்ட இடத்தில் யாரோ மெல்லிய தகரம் வைத்து, பட்டியைப் பூசி மூடியிருந்தார்கள். எங்கள் போல்ட் பிளேட்டோடு அதைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருந்தது. பாய் வைத்த வெல்டிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

ஜெயகுமார் களத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. நயினார்தான் கடைசியாகப் பேசினார். அவர் குரல் முன்னைப் போல இல்லை.

"நீ ஒழுங்கா சொல்லியிருந்தா நான் போயே இருக்க மாட்டேன்பா. உக்கார்ற சீட்டுன்னு புரிஞ்சிருந்தா, சரி, சாயந்திரம் வந்ததும் சொல்றேன்னு போன வெச்சிட்டு, திரும்ப உக்காந்து மோர் சாதம் சாப்ட்டிருப்பேன்."

அதைச் சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த சீட்டை மாட்டினாலும் தார் ஷீட்டை உரித்துத் தகட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓட்டை போட்டேன். காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் வளைத்து எட்டு போட வைத்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன். "இன்னா, லைசென்சா எடுக்கிறே?" என்று ஏழுமலை கிண்டல் பண்ணுவார். சாமியைச் சுற்ற ஒரு பக்கம் போதும், வண்டிக்கு ரெண்டு பக்கமும் வேண்டும் என்பேன்.

பிள்ளைகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் போனை எடுங்கள். எடுத்ததும் போல்ட், பிராக்கெட், சீட்டு என்று பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். அதற்கெல்லாம் எவரும் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓட மாட்டார்கள். "வண்டிய நிறுத்துங்க, உள்ள இருக்கறவங்க உயிருக்கு ஆபத்து" என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் ஒன்றுமில்லாமல் போனால் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். என்னைப் பார்த்து நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். எல்லோரும் வீடு வந்து சேர்ந்தவர்கள்.