புதுச் சேலையும் ஐயாயிரம் கோழியும்

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் பதினேழு வருடமாக முட்டை எடுத்தேன். கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து நிற்கிற முட்டையை எடுத்து அட்டையில் அடுக்குகிற வேலை. பெரிய செட்டுக்கு, ஐயாயிரம் கோழி இருக்கிற கொட்டகைக்கு, மேஸ்திரியாக இருக்கச் சொல்லி முதலாளி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் முழங்கால் வலி என்றேன். வலி உண்மைதான், இப்போதும் இருக்கிறது, ஆனால் காரணம் அதில்லை. எத்தனை முட்டை, எத்தனை கோழி செத்தது என்று மேஸ்திரி தினமும் எழுத வேண்டும். எனக்கு என் பெயரே எழுத வராது.

மூன்றாம் தடவை அவர் விடவில்லை.

"ஏனுங்காத்தா, எழுதறதுக்கு ஆளு கெடைக்குமுங்க. கோழியப் பாக்கத்தான் ஆளில்லீங்க. நீங்க போன்ல பேசி அனுப்புங்க, ஆபீஸ்ல எழுதிக்குவாங்க. ஒரு வாரம் பாருங்க. முடியலீன்னா பழையபடி முட்டை எடுங்க."

திங்கட்கிழமை தொடங்க வேண்டும். ஞாயிறு முழுக்க அதே நினைப்பு. போனில் பேசினால் குரல் நடுங்குமே. நேற்றுவரை கூட நின்று முட்டை எடுத்தவர்கள் என் பேச்சைக் கேட்பார்களா? பார்க்கவாவது மேஸ்திரி மாதிரி இருப்போம் என்று, மருமகள் எடுத்துக்கொடுத்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அவளுக்குத் துணி பார்க்கத் தெரியும். சமையல்தான்... அது கிடக்கட்டும். தினமும் சேலைக்கு மேலே போடுகிற நீலச் சட்டை, என் வீட்டுக்காரருடையது, பண்ணை ஆணியிலேயே தொங்கியது. அதை நான் தொடவில்லை.

கூட முட்டை எடுக்கிறவள் வாசலில் மறித்தாள்.

"என்னக்கோவ், பொண்ணு பாக்க வாராங்களா?"

"போடி, வேலையப் பாரு."

உள்ளே காலை வைத்தேன். முதல் வரிசைக் கோழிகள் கழுத்தை நீட்டின. அடுத்த நொடி செட்டே வெடித்தது போல இருந்தது. ஐயாயிரம் கோழியும் இறக்கையடித்துக் கத்த, தூசி பறந்தது, முட்டை பொட்டுப் பொட்டென்று விழுந்து உடைந்தது. பழகாத நிறத்தைக் கண்டால் கோழி மிரளும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

வெளியே ஓடி வந்தேன். 'முடியலீங்க' என்று முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். வாசலில் மறித்தவள் நீலச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். கூடவே ஒரு பழைய லுங்கி.

"இதப் போட்டுக்கிட்டு வாக்கா. நீ யாருன்னு அதுங்களுக்குத் தெரியல."

சேலையை மூடி லுங்கியைச் சுற்றி, சட்டையை மாட்டிக்கொண்டு, எப்போதும் போல "ப்பா... ப்பா..." என்று குரல் கொடுத்தபடி மெல்ல நடந்தேன். வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கியது. மேற்குக் கடைசி வரிசை மட்டும் அடங்கவில்லை. அது பயந்த சத்தமில்லை, தொண்டை காய்ந்த சத்தம். தண்ணீர்க் குழாயின் முனையைத் தொட்டுப் பார்த்தேன், சொட்டு ஈரமில்லை. அந்த வெயிலில் மத்தியானம் வரை விட்டிருந்தால் அந்த வரிசையே செத்துப் போயிருக்கும். தண்ணீர் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டு அடைப்பை எடுக்க வைத்தேன்.

அப்புறம்தான் போனை வாய்க்கிட்டே பிடித்தேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

"மேக்கு வரிசையில தண்ணி வரலீங்க, இப்பச் சரி பண்ணியாச்சுங்க. கோழி எதுவும் சாகலீங்க. முட்டை ஒரு அட்டைக்கு மேல ஒடஞ்சிருச்சுங்க. அது என்ற புதுச் சேலையாலீங்க."

பதில் வருகிறவரை நான் உட்காரவில்லை. வந்தது, முதலாளியின் சிரிப்பு.

"நாளைக்குச் சட்டையோட வாங்காத்தா."

அந்த ஒரு வாரம் முடிந்து நாலு மாதமாகிறது. இன்னும் காலையில் போனை அமுக்குவதற்கு முன் சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் அமுக்கிவிடுகிறேன். சட்டையில் பித்தான் இரண்டு போய்விட்டது, தைக்க வேண்டும். சிவப்புச் சேலை இவள் கல்யாணத்துக்கு என்று பெட்டியில் இருக்கிறது.

"அங்க மெரள்றதுக்குக் கோழி இருக்காது, ஆயா," என்று மறுபடி சிரிக்கிறாள்.