பிரியாணி வேண்டாமென்ற வயிறு

தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடாமல் இருந்தவன் நான். அன்று ஈஸ்டர், கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவே பட்டையும் ஏலக்காயுமாக மணந்தது. பூசை முடிந்து வரும்போதே தொப்புளைச் சுற்றி மந்தமாய் ஒரு வலி, உள்ளே யாரோ உட்கார்ந்து கயிறு திரிப்பதுபோல. ஆட்டோ ஓட்டும் மைத்துனனிடம் சொன்னேன். சிரித்தான்.

"கேஸு மாமா. இத்தினி நாளு கறி பாக்காத வயிறு, வாசனைக்கே ஆடுது. சோடா குடி, சரியாப்பூடும்."

குடித்தேன். குடித்த சோடா அப்படியே வெளியே வந்தது.

மதியத்துக்குள் வலி வீடு மாறிவிட்டது. தொப்புளைக் காலி செய்துவிட்டு வலப்பக்க அடிவயிற்றில் குடியேறி, இருமினால் குத்தியது. உடம்பு லேசாகச் சுட்டது. மைத்துனன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். "குடல் ஏறிக்கீது. படு மாமா, நீவி வுட்றேன்." எங்கள் வீடுகளில் வயிற்றுவலிக்கு சோடாவுக்கு அடுத்த வைத்தியம் அதுதான். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றியும் விட்டான்.

அதற்குள் மனைவி பிரியாணித் தட்டை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல்லயே பிரியாணி துன்ன மனுசன்டா இவரு. வேணாங்கிறார்னா இது கேஸு இல்ல. கைய எடு. வண்டிய எடு."

சாலையில் எத்தனை பள்ளம் என்று என் வயிறு அன்றுதான் படித்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "வர்றப்ப ஸ்பீட் பிரேக்கர்ல வலிச்சுதா?"

"ஒவ்வொண்ணுக்கும் கத்திகினே வந்தாரு மேடம்," என்றான் மைத்துனன்.

வலப்பக்கத்தை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது வலி, எடுத்தபோது உயிரே போயிற்று.

"அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கு. ஸ்கேன் பாத்துடலாம். வயித்த யாராவது நீவுனீங்களா?"

"இல்ல மேடம்." பளபளத்த கைகளை மைத்துனன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நல்லவேளை. வீங்கின குடல்வால், நீவி அது வெடிச்சிருந்தா வயிறு முழுக்க சீழாயிருக்கும்."

அன்று மாலையே அதை வெட்டி எடுத்தார்கள்.

மறுநாள் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். மனைவி கட்டிலருகே நின்றபடியே இருந்தாள், உட்காரவே இல்லை.

"பசிக்குதா?"

"பிரியாணி மிச்சம் இருக்கா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தாள்.